ஒரே அரை அடிய திரும்பத் திரும்பச் சொல்றது பொலம்பலா, வாதமா?

நள்ளிரவு வாசகன்:
இஸ்லாத்துக்கு முந்தின கவிஞர் முஹல்ஹிலோட இரங்கற்பாவ தமிழ்ல கொண்டு வரலாம்னு உக்காந்தேன். தக்லிப் தலைவரா இருந்த இவரோட அண்ணன் குலைபை பக்ர் கூட்டத்து ஜஸ்ஸாஸ் கொன்னதுல ஆரம்பிச்சு பக்ர், தக்லிப் ரெண்டு கூட்டமும் நாப்பது வருஷம் அடிச்சுக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்கள்ல, அந்த பஸூஸ் போர் சமாச்சாரம். நடுவுல "அலா அன் லைஸ அத்லன் மின் குலைபின்"னு ஒரு அரை அடி, வரிக்கு வரி அதேதான் வருது. "குலைபுக்கு ஈடில்ல"ன்னு நாலு தடவ எழுதிட்டு அஞ்சாவதுல பேனாவ வச்சுட்டேன். எங்க வாத்தியார் என்னடான்னா இது பொலம்பல் இல்ல, வாதம்னு சொல்லிட்டு கெளம்பிட்டார். எப்படிங்க? பாதிய வெட்டிடலாமா?

ஒட்டகச்சிவிங்கி:
வெட்டாதீங்க. 'அத்ல்'னா இங்க நியாயம்னு மட்டும் எடுக்கக் கூடாது, சரிக்குச் சரி, ஈடு. கொலை விழுந்தா ஒண்ணு ஒட்டகமா வாங்கிட்டு ஒதுங்கணும், இல்ல சமமான ஒரு ஆளை சாய்க்கணும், அதானே அன்னிக்கு கணக்கு. இந்த வரிக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாருங்க, பக்ர் ஆளுங்கள்ல புஜைரை ரத்தத்துல போட்டுட்டு வந்தேன், ஹம்மாமை கழுகுக்கு விட்டுட்டு வந்தேன்னு ஆள் ஆளா எண்ணுறார். எண்ணி முடிச்சுட்டு "அப்பவும் ஈடில்ல"ங்கறார். அப்புறம் வர்ற ஒவ்வொரு பின்பாதியும் குலைப் இல்லாம ஊர் தவிக்கிற ஒரு நாள்: அறுத்த ஒட்டகத்துகிட்டேருந்து அநாதைப் புள்ளைய வெரட்டுற நாள், அடைக்கலம் வந்தவனுக்கு அநியாயம் நடக்குற நாள், வீட்டுக்குள்ளயே இருக்குற பொண்ணுங்க பயந்து வெளிய ஓடி வர்ற நாள். சமாதானம் பேச வர்றவன் வாய தெறக்குறதுக்குள்ள அடுத்த பாக்கிய எடுத்து வைக்கிறார், அவ்ளோதான்.

சும்மா ஒரு ஆள்:
இதுக்கு எதிர்த்தரப்புல வந்த பதிலயும் சேர்த்துப் படிங்க, அப்பதான் சூடு புரியும். ஹாரிஸ் இப்னு உபாத் பக்ர் கூட்டத்து பெரிய மனுஷன், எனக்கு இதுல ஆண் ஒட்டகமும் இல்ல பெண் ஒட்டகமும் இல்லன்னு ஒதுங்கி உக்காந்திருந்தவர். செத்த புஜைர் அவர் புள்ள (தம்பி மகன்னும் சொல்றாங்க). சேதி வந்தப்ப கூட, இவன் சாவால ரெண்டு கூட்டமும் ஒண்ணாகும்னா நல்ல சாவுதான்னாராம். அப்புறம்தான் சொல்றாங்க, முஹல்ஹில் வெட்டும்போது "குலைபோட செருப்பு வாருக்கு நீ சரியாப் போச்சு"ன்னு சொல்லித்தான் வெட்டுனான்னு. முடிஞ்சுது. "கர்ரிபா மர்பதன் நஆமதி மின்னீ", நஆமாவ என் பக்கத்துல கொண்டாந்து கட்டுங்கடான்னு ஒரே அரை அடி அடுக்கடுக்கா வருது. நஆமா அவர் குதிரை. முதல் தடவ அது குதிரைக்காரனுக்கு ஆர்டர், பத்தாவது தடவ கேக்குறவன் அவனே எழுந்து சேணத்த தேடுவான். முஹல்ஹிலும் சும்மா இல்ல, அதே வரிய எடுத்து தன் குதிரை பேர போட்டு திருப்பி அடிச்சிருக்கார்!

பழைய சுவடி:
ரொம்ப உருகிடாதீங்க தோழர்களே. இதெல்லாம் வாய்வழியா வந்த பாட்டு, எத்தன தடவ வருதுன்னு பிரதிக்கு பிரதி மாறும். முன்பாதி ரெடியா இருந்தா பின்பாதிய மட்டும் கட்டி யாரு வேணாலும் ஒரு வரி சேத்துரலாம். 11-ஆம் நூற்றாண்டுல கைரவான் ஊர் (இன்னிக்கு துனிசியா) கவிதை விமர்சகர் இப்னு ரஷீக் திரும்பச் சொல்றதுக்குன்னே ஒரு அத்தியாயம் எழுதி, சொல்லும் பொருளும் ரெண்டும் அப்படியே திரும்பி வந்தா அது தோல்விதான்னு கறாரா சொல்லிட்டார். ஆனா இரங்கற்பாவுக்கு இது ரொம்பப் பொருந்தும்னு அவரே ஒத்துக்கறார்.

ஒட்டகச்சிவிங்கி:
@பழைய சுவடி சேத்திருக்கலாம், இல்லங்கல. சேக்குற அளவுக்கு அந்த வரி ஜனத்த புடிச்சிருக்கே? கேள்வி கேட்டவருக்கு ஒரு விஷயம், தமிழ்ல வினை கடைசில போறதால "அநாதைய வெரட்டும்போது குலைபுக்கு ஈடில்ல"ன்னு தலைகீழா ஆயிடும், மாறுற பகுதி முன்னால போய் சப்புன்னு முடியும். அரபுல தெரிஞ்சது முதல்ல, தெரியாதது பின்னால. அத காப்பாத்துங்க.

நள்ளிரவு வாசகன்:
ஓ, அதான் எனக்கு அலுத்திருக்கு போல! இப்படி மாத்தியிருக்கேன்:

"அப்பவும் ஈடில்லை குலைபுக்கு, கறிப்பங்கில் அநாதையைத் தள்ளும் அன்று
அப்பவும் ஈடில்லை குலைபுக்கு, அண்டியவன் மேல் கை விழும் அன்று"

'அன்று' ரெண்டு எடத்துலயும் நிக்குது, அரபுல கடைசி ஓசை 'ரீ' மட்டும்தான் ஒத்துப்போகும், சொல்லு மாறும். வேற ஏதாவது தோணுதா?