கெத்செமனேயில் இயேசுவுக்கு எத்தனை சித்தம்?

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்:
போன ஞாயிறு மத்தேயு 26:39 நடத்தினேன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், 'இந்தப் பாத்திரம்', அதாவது வரப்போகும் பாடு, தன்னைவிட்டு நீங்கட்டும் என்று பிதாவிடம் ஜெபித்த இயேசு, கூடவே சொன்னது: "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், இயேசுவும் கடவுள்தானே? அப்போ பிதாவுக்கு ஒரு விருப்பம், இவருக்கு வேற விருப்பமா?" என்றான். நல்லவேளை, மணி அடித்தது. இந்த வாரம் என்ன சொல்வது?

பின்வரிசைக்காரன்:
மனிதனாகவும் இருந்தார், பயந்தார். பசங்களிடம் இதற்குமேல் போகாதீர்கள் மிஸ்.

சபைச்சரித்திரப் பைத்தியம்:
போகலாம் மிஸ். இந்தக் கேள்விக்காக நாக்கையே இழந்தவர் இருக்கிறார்.

451-ல் கல்செதோனில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம், ஒரே கிறிஸ்துவில் தெய்வ சுபாவம் (இயல்பு), மனித சுபாவம் இரண்டும் உண்டு என்றது. எகிப்திலும் சிரியாவிலும் பலர் ஏற்கவில்லை. அவர்களை இழுத்துக்கொள்ள கிழக்கு ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் 638-ல், "சுபாவம் இரண்டு, சித்தம் ஒன்றே" என்ற சமரசத்தை ஆணையாகவே போட்டுவிட்டார். மாக்சிமுஸ் என்ற துறவி விடவில்லை. மனிதச் சித்தம் இல்லாதவர் எப்படி முழு மனிதர்? பிதாவுக்கும் குமாரனுக்கும் தெய்வச் சித்தம் ஒன்றுதான். பாத்திரம் நீங்கட்டும் என்று கூசியது இயேசுவின் மனிதச் சித்தம். சாவுக்குக் கூசுவது பாவமில்லையே! அப்புறம் 'உம்முடைய சித்தத்தின்படியே' என்று இணங்கியதும் அதே மனிதச் சித்தம்தான். பையனுக்கு இதைச் சொல்லுங்கள், போதும்.

662-ல் அந்தக் கிழவரின் நாக்கையும் வலது கையையும் வெட்டி, கருங்கடலுக்குக் கிழக்கே லாசிக்காவுக்குத் துரத்தினார்கள். அதே வருடம் இறந்துபோனார். அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்:
ஐயோ. கடைசியில் எந்தப் பக்கம் ஜெயித்தது?

சபைச்சரித்திரப் பைத்தியம்:
அவர் பக்கம்தான். 680-81-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் இரண்டு சித்தம் என்று தீர்த்தது. எகிப்தும் சிரியாவும் அதற்குள் அரபுகள் கைக்குப் போய்விட்டதால், சமரசத்துக்கு அவசியமும் இல்லை.

அந்தச் சங்கத்தில் ஒரு கூத்து. பொலிக்ரோனியுஸ் என்ற துறவி, 'ஒரே சித்தம்' அறிக்கையைப் பிணத்தின்மேல் வைத்து உயிரோடு எழுப்பிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டார். சங்கத்தாரும் சரி என்றார்கள்! பொது இடத்தில் பிணத்தைக் கிடத்தி, ஊரே சுற்றி நிற்க, மணிக்கணக்கில் அதன் காதில் முணுமுணுத்தார். பிணம் அசையவில்லை. "என்னால் எழுப்ப முடியவில்லை" என்று ஒத்துக்கொண்டவர், கொள்கையை மட்டும் விடவில்லை. சபித்து விலக்கினார்கள்.

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்:
இதைச் சொன்னால் பசங்களுக்குப் பிணம்தான் ஞாபகம் இருக்கும், சித்தம் மறந்துவிடும். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.