ராஜ்தூத் 350: எந்த பேட்டரி, எந்த காயில் போடலாம்?

சேலத்து350

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத் 350 பைக், ஹை டார்க் (அதிக இழுவை) மாடல். இன்ஜின் வேலை நன்றாக முடிந்துவிட்டது, கம்ப்ரஷன் அருமையாக இருக்கிறது. பிரச்சினை எல்லாம் கரண்ட் பக்கம்தான்.

காலையில் இரண்டு கிக்கில் எடுத்துவிடும். ஊருக்குள் ஒன்றும் தெரியாது. ஏற்காடு மலை ஏறும்போது, பாதி கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் வலது சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கும், அப்புறம் சுத்தமாக நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி ஆற விட்டால் மறுபடி இரண்டும் ஓடும். பிளக் புதுசு. கார்புரேட்டர் இரண்டும் கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது.

பேட்டரியும் தளர்ந்துவிட்டது. இரவில் ஹெட்லைட் போட்டு ஓட்டினால் மறுநாள் ஹாரன் முனகுகிறது. இங்கே மெக்கானிக் சொல்வது: "ஸ்பார்க் காயிலுக்கு யமஹா ஆர்எக்ஸ் 100 காயில் ரெண்டு போட்டுக்கலாம், விலை கம்மி. பேட்டரிக்கு மெயின்டெனன்ஸ் ஃப்ரீ போட்டுடு, தண்ணி ஊத்துற வேலையே இல்லை." வாங்குவதற்கு முன் இந்த வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

ஈரோடு டூஸ்ட்ரோக்

நண்பரே, இடது கவருக்குள் திறந்து மூடி ஸ்பார்க் தரும் அந்த பாயிண்ட்டை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் மாட்டிவிடுங்கள். டைமிங் நகராது, கிக் லேசாகும். நான் மாட்டிய பிறகு அந்த இடது கவரைத் திறக்கவே வேண்டியதில்லை.

காந்திபுரம் எலக்ட்ரீசியன்

சேலம் தம்பி, கிட் போடுவது தப்பில்லை. ஆனால் பேட்டரியும் சார்ஜிங்கும் சரியில்லாத வண்டியில் கிட் மாட்டினாலும் அதே தொல்லைதான் வரும். முதலில் இருப்பதைச் சரி செய்வோம். அதற்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர் வீட்டில் ஸ்பேனர் இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, மீட்டர் இருக்க வேண்டும்.

ஆர்எக்ஸ் 100 காயில் வேண்டவே வேண்டாம். அது சிடிஐ வண்டி, அதாவது பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன். அந்த காயிலுக்குள் போவது 12 வோல்ட் இல்லை. சிடிஐ பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட்டைச் சேர்த்து வைத்து ஒரே அடியாக அதில் கொட்டுகிறது. அதனால் அதன் பிரைமரி சுற்று (கரண்ட் உள்ளே போகும் சுருள்) ஒரு ஓமுக்கும் கீழேதான் இருக்கும். நம்ம வண்டியில் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் முழுக்க பேட்டரி கரண்ட் காயில் வழியாக ஓடும், பாயிண்ட் திறக்கும் நொடியில் ஸ்பார்க் வரும். 4 ஓம் காயில் என்றால் 12-ஐ 4-ஆல் வகுத்து 3 ஆம்பியர், பாயிண்ட் தாங்கும். அரை ஓம் காயிலை அங்கே மாட்டினால் பாயிண்ட் முனை கருகிக் குழி விழும், காயில் கொதிக்கும், ஸ்பார்க்கும் உருப்படியாக வராது. விலை கம்மி என்று வாங்கி பாயிண்ட், பேட்டரி இரண்டையும் இழக்கக் கூடாது.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது "12 வோல்ட், பாயிண்ட் வண்டிக்கான காயில்". பிரைமரி 3-லிருந்து 5 ஓமுக்குள் இருக்கட்டும். ஆர்டிக்கென்றே (நம்ம வண்டியின் மூலமான யமஹா ஆர்டி 350) வரும் காயில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் 12 வோல்ட் பாயிண்ட் புல்லட்டின் காயில் இரண்டை டேங்குக்கு அடியில் பட்டி போட்டு மாட்டி நன்றாக ஓட்டுகிறார்கள். எதுவானாலும் காசு கொடுக்கும் முன் கவுண்டரிலேயே அளந்து பாருங்கள். மீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3 அல்லது 0.4 காட்டும். அது ஒயரின் ஓம். காயிலில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும். இவ்வளவு சின்ன அளவுகளில் அந்த வித்தியாசம் பெரிது.

ஆனால் உங்கள் காயில்தான் போய்விட்டது என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பாயிண்ட், தனி கண்டென்சர் (பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கெப்பாசிட்டர்), தனி காயில். நமக்கு அது பெரிய வசதி. வலது காயிலை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றி மாட்டி அதே மலை ஏறுங்கள். இப்போது இடது சிலிண்டர் நின்றால் குற்றவாளி காயில். வலதே நின்றால் காயில் மேல் பழி போடாதீர்கள், வலது கண்டென்சரைப் பாருங்கள். சூடானதும் கைவிடும் குணம் கண்டென்சருக்கும் உண்டு. இருட்டில் இடது கவரைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட விட்டால், கெட்ட கண்டென்சர் இருக்கும் பாயிண்ட்டில் நீலமாகப் பளீர் பளீரென்று பொறி பறப்பது கண்ணுக்கே தெரியும். ஒயர் கலரை நம்பி மாற்றாதீர்கள். இந்த வயதுக்கு ஒயரிங்கில் எத்தனை கை பட்டிருக்குமோ, மீட்டர் வைத்து எந்தப் பாயிண்ட் எந்தக் காயிலுக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி விஷயம் தனி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் இந்த வண்டியின் ஆல்டர்னேட்டரில் நிரந்தரக் காந்தம் கிடையாது. நடுவில் சுற்றும் ரோட்டருக்கு இரண்டு கார்பன் பிரஷ் வழியாக பேட்டரி கரண்ட் போய்த்தான் அது காந்தமாகிறது. பேட்டரி செத்தால் ஸ்பார்க்கும் இல்லை, சார்ஜும் இல்லை. உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும். ஆகவே புதுசு வாங்குவதற்கு முன், பழசு ஏன் படுத்தது என்று தெரிய வேண்டும். பேட்டரியை வெளியே சார்ஜ் செய்து மாட்டி, 3000 ஆர்பிஎம்மில் வைத்து பேட்டரி முனையில் அளந்து சொல்லுங்கள். ஐடிலில் அளக்க வேண்டாம், அங்கே இந்த வண்டி சார்ஜே ஏற்றாது.

சேலத்து350

அண்ணா, ரொம்ப நன்றி. சொன்னபடி காயிலை மாற்றி மாட்டி மலை ஏறினேன். இந்த முறை இடது நின்றது, வலது ஓடியது. காயில்தான். கடையில் காட்டிய ஆர்எக்ஸ் காயிலையும் அளந்தேன், ஒயர் ஓம் கழித்து 0.6. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

3000-இல் பேட்டரியில் 12.9-க்கு மேல் ஏறவில்லை. ஹெட்லைட் போட்டால் 12.3. சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டதா?

காந்திபுரம் எலக்ட்ரீசியன்

நல்லது, காயில் விவகாரம் முடிந்தது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே வயது, ஒரே சூடு, மற்றதும் பின்னாலேயே வரும். நல்ல பழையதை டூல்ஸ் பெட்டியில் போட்டு வையுங்கள்.

ரெகுலேட்டருக்கு உடனே போகாதீர்கள். இன்ஜின் ஓடாமல் சாவியைத் திறந்து, இடது பக்கம் ரோட்டர் நடுவே ஸ்க்ரூ டிரைவர் முனையைக் கொண்டு போங்கள். சட்டென்று இழுத்துப் பிடிக்க வேண்டும். சோம்பலாக இழுத்தால் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது ரோட்டரின் செம்பு வளையத்தில் கரி படிந்திருக்கும். பிரஷ் சின்னக் காசுதான். வளையத்தை மெல்லிய எமரித் தாளால் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அப்படியே ஃப்யூஸ் கிளிப்பையும் பாருங்கள். கண்ணாடி ஃப்யூஸைக் கழற்றினால் உள்ளே பித்தளை பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். பிறகு சாவியைத் திறந்து, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில், பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் காயிலுக்கு வரும் ஒயருக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சாவி சுவிட்சிலும் கனெக்டரிலும் கரண்ட் தொலைகிறது என்று அர்த்தம். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ரிலே வைத்து காயிலுக்குக் கொடுத்தால் ஸ்பார்க் எப்படித் தடிக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். இந்தப் பழைய வண்டிகளுக்கு நான் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒன்று கவனம்: வண்டி நிற்கும்போது சாவியைத் திறந்தே விட்டுவிடாதீர்கள். இரண்டு பாயிண்ட்டும் மூடி நின்றால் காயில் மட்டுமே 6 ஆம்பியர் குடிக்கும். 5.5 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

பொள்ளாச்சி யமஹா

பிரஷ் சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்கும் அதுதான். பேட்டரி எது போடலாம் அண்ணா, ஆசிட்டா, மெயின்டெனன்ஸ் ஃப்ரீயா? லித்தியம் என்றும் சொல்கிறார்கள்.

காந்திபுரம் எலக்ட்ரீசியன்

லித்தியம் இந்த வண்டிக்கு வேண்டாம். தட்டு ஆடும் பழைய மெக்கானிக்கல் ரெகுலேட்டர் சில நேரம் 15 வோல்ட்டைத் தொடும், லித்தியத்துக்கு அது ஆபத்து. மெயின்டெனன்ஸ் ஃப்ரீயும் அதே காரணத்தால் உள்ளே காய்ந்துவிடும். இழந்த தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாற்றி, 14-லிருந்து 14.5-க்குள் நிற்கிறது என்று மீட்டரில் பார்த்த பிறகு தாராளமாகப் போடலாம். இப்போது கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் 12 வோல்ட் 5 ஏஹெச் போதும். தட்டில் கொஞ்சம் இடம் மிஞ்சினால் ரப்பர் வைத்து இறுக்குங்கள். பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள், கேபிளை இழுத்து மாட்டக் கூடாது.

பழைய ரெகுலேட்டரோடுதான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஆசிட் பேட்டரியே நல்லது. ஆசிட் ஊற்றி அரை மணி நேரம் ஊற விட்டு, முதல் சார்ஜை அரை ஆம்பியரில் நிதானமாக ஏற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் "ஒரு மணி நேரத்தில் ரெடி" என்றால் சார்ஜ் செய்யாமலே வாங்கி வந்து வீட்டில் ஏற்றுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், ஆசிட் மறுபடி ஊற்றவே கூடாது. வென்ட் குழாயைச் செயினும் சைலன்சரும் படாத பக்கமாகக் கீழே இறக்கி விடுங்கள்.

சேலம் தம்பி, நீங்கள் பிரஷ் மாற்றி 3000-இல் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். 14-ஐத் தொட்டால் ரெகுலேட்டருக்குச் செலவு வேண்டாம், நேராக பேட்டரிக் கடைக்குப் போகலாம்.

சேலத்து350

ஸ்க்ரூ டிரைவர் சோதனை செய்தேன் அண்ணா, இழுக்கவே இல்லை. பிரஷ்ஷில் ஒன்று ஹோல்டருக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. புதுசு மாற்றியதும் 14.2, லைட் போட்டால் 13.8. ரெகுலேட்டரை இப்போதைக்குத் தொடவில்லை. ஆசிட் பேட்டரியும் 4 ஓம் காயில் இரண்டும் சொல்லியாகிவிட்டது.