ஓராண்டு வாய்மொழிக் குத்தகை, ஏறிக்கொண்டே போகும் நிலவிலை: டெல்டாவில் மண்வளத்துக்கு யார் செலவழிப்பது?

கேள்வி: வெண்ணாற்றங்கரை

திருவாரூர் பக்கத்தில் உள்ள ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் சுமார் 40 ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்கு எடுத்து, இயற்கை முறையில் பாரம்பரிய நெல் பயிரிடத் திட்டமிடுகிறது. நில உடைமையாளர்களில் பலர் வெளியூரில் இருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கொடுக்க மாட்டோம், எழுத்தில் எதுவும் வேண்டாம் என்கிறார்கள். சாலையோர வயல்களுக்கு மனை விலை பேசப்படுகிறது.

மூன்று சந்தேகங்கள். குறுகிய குத்தகைக்கும் மண் கெடுவதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது உடைமையாளரும் இதே சாகுபடியைத்தான் செய்வாரா? இரு தரப்பும் பயப்படாத மாதிரி ஒப்பந்தம் எழுத வழி இருக்கிறதா? நிலத்தை விற்காமல் வைத்திருக்கும்போதும் அதன் விலை சாகுபடியைப் பாதிக்குமா?

பதில்: மண்ணும் உரமும்

தொடர்பு நேரடியானது. எந்தச் செலவு எந்தப் பருவத்தில் திரும்பி வருகிறது என்று பார்த்தாலே தெரியும். யூரியா போட்டால் அதே அறுவடையில் பலன். தொழு உரம் ஏக்கருக்கு 5 டன் என்பது வழக்கமான பரிந்துரை. அதன் பலன் இரண்டு மூன்று வருடங்களுக்குப் பிரிந்து வரும். அடுத்த வருடம் அந்த வயல் கையில் இருக்குமா என்று தெரியாதவர் முதல் பகுதிக்காக மட்டும் முழுச் செலவையும் செய்ய மாட்டார். அவர் மேல் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிர் இன்னும் தெளிவான உதாரணம். ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள் வளர்ச்சி, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவு. சுமார் 20 முதல் 30 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணில் சேரும். அதே அளவு தழைச்சத்து யூரியாவாக ஒரு மூட்டை, ஒன்றரை மூட்டையில் கிடைத்துவிடும். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. விதைக்குக் கிடைக்கும் மானியத்தைக் கழித்தாலும் விதைச் செலவு அதைவிடக் கூடுதல். தக்கைப்பூண்டின் உண்மையான லாபம் மண்ணின் கரிமச் சத்து, நீர்ப்பிடிப்பு, களர் குறைவது; எல்லாமே பின்னால் வருபவை.

யாரும் கவனிக்காத இன்னொரு தடை, நாள். சம்பாவுக்கு முன் பசுந்தாள் உரம் வேண்டுமென்றால் ஜூன், ஜூலையிலேயே விதைக்க வேண்டும். குத்தகைப் பேச்சு முடிவதே நடவுக்குச் சற்று முன்புதான். மனம் இருந்தாலும் 45 நாள் கிடைக்காது. ஒப்பந்தத்தில் வேறு எதையும் மாற்ற முடியாவிட்டாலும், குத்தகை ஆண்டைக் கோடையிலேயே, பயறு அறுவடை முடிந்த கையோடு, தொடங்கும்படி வையுங்கள்.

வைக்கோலையும் விட்டுவிடாதீர்கள். நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. ஓராண்டுக் குத்தகைதாரர் அதைக் கட்டுக் கட்டாக விற்றுவிடுவார். வயலை விட்டு வெளியேறும் சத்து யார் கணக்கிலும் வருவதில்லை.

பதில்: தாலுகா ஆபீஸ்

உடைமையாளரின் பயத்துக்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, வருவாய் நீதிமன்றம் போகாமல் குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது. 1956-ஆம் ஆண்டின் நியாய வார (குத்தகைப் பங்கு) சட்டம், திருத்தத்துக்குப் பிறகு, உடைமையாளர் பங்கை வழக்கமான மொத்த விளைச்சலில் 25 சதவீதமாக வரையறுக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்கிறது. மூன்றும் பெரும் அநீதிகளைத் தடுக்க வந்தவை. அந்தப் பாதுகாப்பு இன்றும் தேவை. ஆனால் புதிதாகக் குத்தகைக்கு விடுபவர் இவற்றுக்குப் பயந்துதான் ஆளை வருடாவருடம் மாற்றுகிறார், காகிதத்தைத் தவிர்க்கிறார். எழுத்து இல்லாவிட்டால் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு இல்லை என்று அவர் நினைப்பதும் தவறு. வாய்மொழிக் குத்தகையும் சட்டத்துக்குள் வரும், நிரூபிப்பதுதான் சிரமம்.

உங்கள் விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. சட்டம் சொல்லும் சாகுபடிக் குத்தகைதாரர் என்பவர் தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பு தருபவர். நிறுவனம் தன் பெயரில் எடுத்துக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்தால் அந்த வரையறைக்குள் வருவது கடினம். இதை எடுத்துச் சொன்னாலே பல உடைமையாளர்கள் இறங்கி வருவார்கள். ஆனால் நிறுவனம் எடுத்த நிலத்தை உறுப்பினர்களுக்கு உள்குத்தகையாகப் பிரித்துக் கொடுத்தால் பழைய சிக்கல் மறுபடி வந்துவிடும். கையெழுத்துக்கு முன் வருவாய் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் வரைவைக் காட்டுங்கள்.

ஓராண்டுக்கு மேற்பட்ட எழுத்துக் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாத ஐந்தாண்டுப் பத்திரம் தகராறில் உதவாது. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு எல்லாம் சிட்டாவோடு ஒத்துப்போக வேண்டும். டெல்டாவில் வாய்ப்பேச்சு ‘மா’ கணக்கில் நடக்கும். ஒரு மா சுமார் 33 சென்ட். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் அல்லது ஹெக்டேரில் எழுதுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பட்டாதாரர் அனைவரும் கையெழுத்திட வேண்டும். நடுவில் ஒப்பந்தம் உடைவது பெரும்பாலும் இங்கேதான்: அண்ணன் விட்ட குத்தகையைத் தம்பி ஏற்க மறுப்பார்.

கோயில், மடத்து நிலமென்றால் விதிகள் வேறு. பதிவேட்டில் ஒருவர், வயலில் இன்னொருவர் என்ற நிலை அங்கே சாதாரணம். அதைத் தொடாதீர்கள்.

பதில்: வடிகால்

மூன்றாவது கேள்விக்கு ஒரு கணக்கு. உதாரணத்துக்கு, குத்தகை வருமானம் ஏக்கருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று வையுங்கள். 7 சதவீதம் கிடைக்க வேண்டுமென்று பார்த்தால் நிலத்தின் விவசாய மதிப்பு சுமார் 2.14 லட்சம். அதே நிலத்துக்குச் சந்தையில் 25 லட்சம் கேட்டால் குத்தகை 0.6 சதவீத வருமானம்தான். விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினாலே 1.25 லட்சம், அதாவது குத்தகையைப் போல எட்டு மடங்கு. அந்த உடைமையாளருக்குக் குத்தகைத் தொகை பெரிதல்ல. நினைத்த நாளில் வில்லங்கமில்லாமல் விற்க முடிவதே பெரிது. அதனால்தான் தரிசாகப் போடுவார், இல்லையென்றால் ஆள் நிற்கத் தேவையில்லாத சவுக்கு, தென்னைக்கு மாறுவார். நிலத்தை விற்காமலே விலை சாகுபடியை மாற்றிவிடுகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது பக்கத்து வயல். டெல்டாவில் பல இடங்களில் வயலுக்கு வயல்தான் பாய்ச்சல், வடிப்பும் அப்படியே. நடுவில் ஒரு துண்டு மண் கொட்டி உயர்த்தப்பட்டால், மேலே உள்ளவருக்கு வடியாது, கீழே உள்ளவருக்குப் பாயாது. இந்த வயல்வழிப் பாதை பெரும்பாலும் புல வரைபடத்தில் வாய்க்காலாகக் குறிக்கப்பட்டிருக்காது. ஆட்சேபம் சொல்ல ஆதாரம் இருக்காது. நவம்பர் மழையில் சம்பா மூழ்கும்போதுதான் தெரியும். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு ஆய்வு, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவற்றைத் தடுக்கிறது. வீட்டுமனைப் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை.

எனவே 40 ஏக்கரைச் சிதறலாக எடுக்காதீர்கள். ஒரே மடைக்குக் கீழே தொடர்ச்சியாகக் கிடைப்பதை எடுங்கள். சாலையோர முதல் வரிசையை விட்டுவிடுங்கள். இயற்கைச் சாகுபடிக்கு இது இரட்டை முக்கியம்: மேல் வயலில் தெளித்த மருந்து பாசன நீரோடு உங்கள் வயலுக்கு இறங்கும்.

கேள்வியாளர்: வெண்ணாற்றங்கரை

மிக்க நன்றி. எத்தனை வருடம் கேட்கலாம்? நடுவில் விற்றால் செய்த செலவை எப்படி மீட்பது?

பதில்: மண்ணும் உரமும்

இயற்கைச் சான்றிதழுக்கு ஆண்டுப் பயிர்களுக்கு மாற்றக் காலமே, அதாவது ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறும் காலமே, இரண்டு வருடம். அதுவரை விளைச்சலைச் சான்று பெற்ற நெல்லாக விற்க முடியாது. மூன்று வருடக் குத்தகையில் ஒரு வருடப் பலன்தான் மிஞ்சும். ஐந்துக்குக் குறைந்து சம்மதிக்காதீர்கள்.

விற்பனையைத் தடுக்கும் ஷரத்து கேட்டால் உடைமையாளர் எழுந்து போய்விடுவார். ‘விற்கலாம், ஆனால் நிற்கும் பயிர் அறுவடை வரை வயல் எங்களிடம், மீதமுள்ள மேம்பாட்டுச் செலவைத் தர வேண்டும்’ என்று எழுதுங்கள். தொழு உரத்துக்கு முதல் வருடம் பாதி, அடுத்து 30, பிறகு 20 சதவீதம் தீர்ந்ததாக வைத்துக்கொள்ளலாம். வரப்பு, மடை வேலையை ஐந்தாகப் பிரிக்கலாம். ரசீதுகளின் நகல் இருவரிடமும் இருக்கட்டும்.

ஆரம்பத்திலும் முடிவிலும் மண் பரிசோதனை செய்யுங்கள். அறுவடை முடிந்த அதே மாதத்தில், வயலுக்கு 10 முதல் 15 இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, கலந்து, கால்பங்கு முறையில் (நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி) அரைக் கிலோவாகக் குறைத்து, ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் அதிகம். மூன்று வருடத்தில் 0.05 கூடியது என்று பணம் கேட்காதீர்கள். மாதிரி எடுக்கும் பிழையே அந்த அளவு வரும். இழப்பீட்டை ரசீதுகளை வைத்துக் கணக்கிடுங்கள். மண் அறிக்கை, வயலைக் கெடுத்துவிட்டதாகப் பின்னால் புகார் வந்தால் காட்டுவதற்கு.