புரோநோட்டு வழக்கு: ஜிபே வட்டி காலவரம்பை நீட்டிக்குமா?

வக்கீல் நண்பர்களே, அவசர உதவி தேவை. மதுரையில் எழுதிய 4 லட்ச ரூபாய் புரோநோட்டு. வழக்குப் போடுவதற்கான 3 வருடக் காலவரம்பு போன மாதமே முடிந்துவிட்டது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் காலவரம்பு நிற்காது என்பது தெரியும்.

கடன் வாங்கியவர் போன வருடம் இரண்டு முறை ஜிபேயில் வட்டி போட்டிருக்கிறார். நோட்டின் பின்பக்கம் வரவு எழுதவில்லை. இந்த வட்டியால் காலவரம்பு நீள வேண்டுமென்றால், காலவரையறைச் சட்டம் 19-வது பிரிவுப்படி, பணம் கட்டியவர் கைப்பட எழுதியதோ கையொப்பமிட்டதோ வேண்டும். இருப்பது "வட்டி போட்டுட்டேன்ணே" என்ற வாட்ஸ்அப் செய்தி மட்டும். அதை பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குத் தரும் சான்றிதழோடு தாக்கல் செய்தால் கோர்ட் ஏற்குமா? இதுதான் முக்கியக் கேள்வி.

கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், அசலுக்கே 12,000 ஆகிறது. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 37-இல் (சுருக்கமுறை வழக்கு) போட்டால், கடன் வாங்கியவர் காலவரம்பைக் காட்டியே எதிர்வாதத்துக்கு அனுமதி வாங்கிவிடுவாரோ? சாதாரண வழக்காகவே போடலாமா? இதே மாதிரி வழக்கு நடத்தியவர்கள் தீர்ப்பு விவரத்தோடு சொல்லுங்கள்.