ஹிட்லர் ஒப்பீட்டை குழுவில தடை செய்யலாமோ?

முறிகண்டியான்:
கிளிநொச்சி பக்கம் ஒரு வட்ஸ்அப் குழுவுக்கு விதி எழுத வேணும். தேர்தல், காணி, குளம் எண்டு எதைக் கதைச்சாலும் கடைசியில ஆரோ ஒராள் “இவன் ஹிட்லர்”, “இடி அமீன்” எண்டு எழுத, தொடங்கின விசயம் காணாமல் போகுது. ஒரேயடியாத் தடை போடலாமோ?

கனகராயன்:
தடை வேண்டாம். விவாதம் நீள நீள ஹிட்லர் ஒப்பீடு வந்தே தீரும் எண்டு 1990இல சொன்ன அமெரிக்கர் மைக் கோட்வின் கூட, ஒப்பிட்டவர் தோத்தார் எண்டு சொல்லேல்லை. அது பிறகு சனம் ஒட்டின வால்.

ஆளை ஆளோட ஒப்பிடாமல் செயலைச் செயலோட ஒப்பிடச் சொல்லுங்கோ. என்ன செய்தவர், எந்த ஆண்டு, எந்தச் சட்டத்தால: இது மூண்டும் இருந்தால் விடலாம். அப்ப ஜனாதிபதியா இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனவை “ஜே.ஆர். ஹிட்லர்” எண்டால் வசவு. “1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பால, பொதுத் தேர்தல் வைக்காமலே பாராளுமன்றத்தின்ர ஆயுளை ஆறு வருசம் நீட்டினவர்” எண்டால், மற்றவர் போய்ச் சரிபார்த்து மறுக்கலாம்.

நட்டாங்கண்டல்:
ஒப்பிடுறவைக்கு ஜேர்மன் கதையும் சரியாத் தெரியிறதில்லை. சனம் பெரும்பான்மை வாக்குப் போட்டு ஹிட்லரைக் கொண்டுவரேல்லை. 1933 ஜனவரி 30இல ஜனாதிபதி ஹிண்டன்பேர்க் தான் சான்சலராக நியமிச்சவர். பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் எரிஞ்சது, அடுத்த நாளே அடிப்படை உரிமையளை நிறுத்தின ஆணை. மார்ச் 5 தேர்தலில, அந்தப் பயமுறுத்தலுக்குள்ளயும், ஹிட்லரின்ர கட்சிக்கு 43.9 வீதம்தான். மார்ச் 23இல, பாராளுமன்றம் இல்லாமலே அரசாங்கம் சட்டம் போட விடுற அதிகாரமளிப்புச் சட்டம், 444க்கு 94 வாக்கு. எதிர்த்து வாக்குப் போட்டது சமூக ஜனநாயகக் கட்சி மட்டும், கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளுக்கு விடவே இல்லை. ஜூலை 14இல மற்றக் கட்சியளுக்கே தடை.

அந்த அதிகாரமளிப்புச் சட்டம் நாலு வருசத்துக்கு எண்டுதான் வந்தது, பிறகு நீட்டிக்கொண்டே போனவை. இங்க 1979இல பயங்கரவாதத் தடைச் சட்டம் மூண்டு வருசத்துக்குத் தற்காலிகம் எண்டு வந்து 1982இல நிரந்தரமாச்சு. “தற்காலிகம்” எண்ட வாசலால என்ன நுழையுது எண்டு கேட்க இந்த ஒப்பீடு நல்லம். அதுக்காக ரெண்டு நாட்டு ஆட்சியும் ஒண்டு எண்டு ஆகாது.

பாலியாத்தடி:
உள்ளூராட்சித் தேர்தலை எடுங்கோ. 2023 மார்ச் 9 எண்டு குறிச்சது, திறைசேரி காசு விடாததால நிண்டது. 2024 ஆகஸ்டில உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறல் எண்டு தீர்ப்புச் சொல்லி, 2025 மே 6இல தேர்தல் நடந்தது. இதுக்கு “ஹிட்லர்” எண்டால், “ஹிட்லரின்ர நீதிமன்றம் அவருக்கு எதிராத் தீர்ப்புச் சொன்னதோ?” எண்டு ஒரு கேள்வியோட உங்கட வாய் அடைபட்டுடும். “காசை மறிச்சுத் தேர்தலை மறிச்சவை” எண்டு எழுதினால் பதில் சொல்லவேண்டியது அவை.

மாகாண சபை இன்னும் மோசம். வடக்கில 2018 ஒக்டோபரில ஆயுள் முடிஞ்சது, ஆளுநர் நடத்துறார். காரணம் தனி ஒரு ஆள் இல்லை: 2017இல தேர்தல் முறையை மாத்திப்போட்டு, அதுக்கு வேண்டிய தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில பாராளுமன்றமே தோற்கடிச்சது. சட்டத்தைத் திருத்திப் பழைய முறைக்குப் போனால் வழி திறக்கும். சர்வாதிகாரி எண்டு ஒரு ஆளைத் திட்டினால், திருத்தாமல் இருந்த அத்தனை பேரும் தப்பிடுவினம்.

கனகராயன்:
சிங்களப் பதிவைத் தமிழில மொழிபெயர்த்துப் போடேக்கையும் கவனம். 2018இல ஒரு மூத்த பிக்கு, பிறகு ஜனாதிபதியான கோட்டாபயவிட்ட, வேணுமெண்டால் ஹிட்லர் மாதிரியாவது நாட்டைக் கட்டியெழுப்பச் சொன்னவர். அங்க சில பேருக்கு அது பாராட்டு.

“ஹிட்லர் மாதிரி” எண்டது கருத்து. “இன்னாரைக் கொல்லச் சொன்னவர்” எண்டது உண்மைக் கூற்று. 2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில போடுற பொய்யான கூற்றுகளைப் பற்றினது. ரெண்டாவது வகை ஆதாரமில்லாமல் வந்தால் உடன அழியுங்கோ.

முறிகண்டியான்:
முதலாவது வகை எண்டால்?

நட்டாங்கண்டல்:
அழிக்காதேங்கோ. கீழ “எந்தச் செயல், எந்த ஆண்டு?” எண்டு மட்டும் கேளுங்கோ. கேட்காமல் அழிச்சால் அடுத்த ஹிட்லர் அட்மின்தான்.