சுட்டி கொடுத்தவர் மீதும் அவதூறு வழக்குப் பாயுமா?

வேளச்சேரிவாசி:
எங்கள் பகுதிச் செய்திகளைத் திரட்டி, அவற்றின் சுட்டிகளை மட்டும் வெளியிடும் சிறிய இணையதளம் ஒன்றை நடத்துகிறேன். சதுப்பு நிலத்தையொட்டி எழும் அடுக்குமாடிக் கட்டடம் பற்றி வேறொருவர் எழுதிய கட்டுரைக்குச் சுட்டி கொடுத்ததற்காக, கட்டுமான நிறுவனம் எனக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கட்டுரையின் ஒரு வரிகூட என் தளத்தில் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு இடைநிலையாளர்களை, அதாவது பிறருடைய தகவலைத் தாங்கும் அல்லது கடத்தும் இணையச் சேவையாளர்களை, பாதுகாக்கிறது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்த பிறகே அவர்கள் நீக்கக் கடமைப்பட்டவர்கள் என்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தனியார் நோட்டீஸுக்கு நான் ஏன் பணிய வேண்டும்?

பாரிமுனை வக்கீல்:
அந்தப் பிரிவின் நிபந்தனைகளையும் சேர்த்துப் படியுங்கள். பிறருடைய தகவல் செல்லும் அமைப்புக்கு வழிவிடுவதோடு நிற்பவருக்கும், பரிமாற்றத்தைத் தாமே தொடங்காமல், பெறுபவரையோ தகவலையோ தேர்ந்தெடுக்காமல் இருப்பவருக்குமே அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று நாள்தோறும் தீர்மானிப்பவர் நீங்கள்தானே? பயனர்கள் தாமாகப் பதிவிடும் தளத்தின் நிலை வேறு. மயிலாப்பூரின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பிறரது பதிவை 2018-இல் முகநூலில் பகிர்ந்தார்; படிக்காமலே பகிர்ந்ததாகவும் பின்னர் நீக்கிவிட்டதாகவும் அவர் சொன்ன பிறகும், வழக்கை ரத்து செய்ய 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

வேளச்சேரிவாசி:
அவர் பகிர்ந்தது முழுப் பதிவு. சுட்டியோ வெறும் முகவரி. நூலின் அடிக்குறிப்பில் இன்னொரு நூலின் பெயரைச் சொன்னவரை அந்த நூலின் ஆசிரியராக யாரும் கருதுவதில்லை. குரூக்ஸ் எதிர் நியூட்டன் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2011-இல், சுட்டி கொடுப்பது மட்டுமே அவதூறை வெளியிட்டதாகாது என்று தீர்ப்பளித்தது.

அண்ணாநகர் வாசகர்:
பழிக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். யாரும் எட்டிப் பார்க்காத வலைப்பூவுக்கு வாசகர்களைக் கொண்டுசேர்ப்பதே உங்கள் சுட்டிதான். அந்த வாசகர் வரவால் பயனடையும் நீங்கள், அதன் விளைவில் மட்டும் பங்கில்லை என்பது நியாயமாகப் படவில்லை.

பாரிமுனை வக்கீல்:
கனடாத் தீர்ப்பு இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துக்காட்ட உதவும். அதே தீர்ப்பில் இரு நீதிபதிகள், சுட்டியைச் சூழ்ந்துள்ள சொற்கள் அந்த உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டால் அது வெளியீடாகும் என்று தனியே எழுதியிருக்கிறார்கள். ஆகவே பதிலில் 79-ஐ முன்னிறுத்தாமல், நான் வெளியிடவில்லை என்பதையே முதல் வாதமாக வையுங்கள். சுட்டிக்கு மேல் என்ன எழுதியிருந்தீர்கள்?

வேளச்சேரிவாசி:
என் சொல் எதுவுமில்லை. மூலக் கட்டுரையின் தலைப்பை அப்படியே இட்டேன்.

பாரிமுனை வக்கீல்:
அப்படியானால் ஒரு வரி உங்கள் தளத்தில் இருக்கிறது. குற்றச்சாட்டு அந்தத் தலைப்பிலேயே இருந்தால், எதிர்த்தரப்பு சுட்டியை விட்டுவிட்டுத் தலைப்பைத்தான் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கனடாத் தீர்ப்பு துணைக்கு வராது. பதில் அனுப்புமுன் அந்தத் தலைப்பை இங்கே இடாமல், உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.