கறுப்புச் சேவலுக்குச் செவலைக் குஞ்சு பிறக்குமா?

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சில கோழிகளை வளர்த்து வருகிறேன். முழுக் கறுப்புச் சேவலுடன், கறுப்பில் வெள்ளைக் கோடுகள் ஓடும் பிளைமவுத் ராக் என்ற கோழியினக் கலப்புப் பெட்டையைச் சேர்த்து, அதன் முட்டைகள் பதினொன்றை அடை வைத்ததில் 21ஆம் நாள் ஒன்பது பொரித்தன. அவற்றுள் எட்டு கறுப்பு. ஐந்தின் உச்சந்தலையில் மட்டும், சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல, வெள்ளைப் புள்ளி இருக்கிறது. பெட்டை தன் கோட்டு நிறத்தை ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே கடத்தும் என்பதால், புள்ளியுள்ளவை சேவல்கள் என்று பிரித்துவிட்டேன்.

ஒன்பதாவதுதான் புதிர். அது செவலை, முதுகில் அணில்போலக் கோடுகள். பெட்டையிடம் செவலை நிறத்துக்கான மரபணு வெளியே தெரியாமல் மறைந்திருக்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் தகப்பன் என் சேவல்தானா, அல்லது மதில் தாண்டி வரும் பக்கத்து வீட்டுச் செவலைச் சேவலா? (அதன் மீது எனக்கு நெடுநாளாகவே சந்தேகம் உண்டு.) ஒருமுறை இணைந்தால் பெட்டையின் உடலில் விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும் என்பதால், பெட்டையை ஒரு மாதம் தனியே அடைத்துவிட்டு என் சேவலுடன் மட்டும் மீண்டும் சேர்க்கலாமா, அல்லது சேவலை ஒரு செவலைப் பெட்டையுடன் இணைத்துப் பார்ப்பது விரைவான வழியா? மேலும், செவலைக் குஞ்சின் தலையில் புள்ளி தெளிவாகத் தெரியாததால், அது ஆணா பெண்ணா என்பதை இப்போதே அறிய வழியிருந்தால் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.